எட்டாவது ஆளின் ஆறு டஜன்

எங்கள் அம்மாவின் பெயரை ஓர் அட்டவணையின் எட்டாவது வரிக்கு நேரே எழுதியவன் கிட்டுசாமி. அந்த வரிக்குக் கணக்குப் போட்டுக்கொடுத்தவள் நான். அதனால் அவனை மட்டும் திட்டித் தீர்த்துவிட்டு நான் நல்ல பிள்ளையாக ஒதுங்கிக்கொள்ள முடியாது. இதில் வருகிற எல்லார் மேலும் எனக்குக் கோபம் உண்டு. என் மேலும் உண்டு.

அது 1971. நான் பி.ஏ. பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு, தமிழ் வழி. கிட்டுசாமி என் வகுப்பு. அவன் அப்பா சுப்பண்ணன் சேவூரில் இருந்த தோட்டத்தில் பாதியை விற்று, திருப்பூரில் பனியன் கம்பெனி போட்டவர். அந்தக் கம்பெனியில்தான் எங்கள் அம்மா மருதம்மாள் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். தைத்து வரும் பனியனில் தொங்கும் நூலையெல்லாம் கத்தரியால் வெட்டி, மடித்து, டஜன் டஜனாக அடுக்க வேண்டும். நாளுக்கு இரண்டு ரூபாய். அப்பா இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அந்த இரண்டு ரூபாய்தான் எங்களுக்கு வாடகை, அரிசி, என் கல்லூரி எல்லாம். அது நின்றால் நான் படிப்பை விட்டுவிட்டு ஏதாவது ஒரு கம்பெனியில் போய்க் குந்த வேண்டியதுதான்.

எங்கள் விரிவுரையாளர் தண்டாயுதபாணி. வெள்ளைச் சட்டையில் சாக்பீஸ் தூள் படாமல் பாடம் நடத்துகிறவர். ஒருநாள் குறைந்து செல் விளைவு விதியை நடத்தினார். இடமும் கருவியும் அப்படியே இருக்க, ஆளை மட்டும் கூட்டிக்கொண்டே போனால், ஒவ்வொரு ஆளாலும் கூடுகிற உற்பத்தி ஒரு கட்டத்துக்கு மேல் குறைந்துகொண்டே வரும் என்பதுதான் அந்த விதி. நடத்தி முடித்துவிட்டு, "புஸ்தகத்துல கோதுமை வயலை உதாரணம் போட்டிருக்கறாங்க. உங்கள்ல யாரு கோதுமை வயலைக் கண்டீங்க? ஊரு பூரா பனியன் கம்பெனி இருக்குது. போய் எண்ணிப் பாத்து எழுதிட்டு வாங்க" என்றார்.

கிட்டுசாமி எங்கேயும் அலையவில்லை. சொந்தக் கம்பெனியில் பிசிறு வெட்டும் எட்டுப் பெண்களை வைத்தே எண்ணினான். ஒரு மணி நேரம் ஆறு பேரை வெட்டச் சொன்னான். அடுத்த மணி ஏழு பேர், அதற்கடுத்து எட்டுப் பேர். அம்மா கதவோரம் உட்காருகிறவள். எழுப்பி நிறுத்தச் சுலபம் என்று முதல் இரண்டு மணி நேரமும் அவளை வெளியே நிறுத்திவிட்டு, கடைசியில்தான் உள்ளே கூப்பிட்டான். எண்ணி முடித்தானே தவிர அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. நோட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான்.

"இதைக் கொஞ்சம் போட்டுக் குடுங்க அமராவதி. எனக்கு மண்டை சுத்துது."

எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளும் புத்தி எனக்கு நிறைய உண்டு. உட்கார்ந்து ஒரு முழு நாளுக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டேன். ஆறு பேர் இருந்தால் தொண்ணூறு டஜன். ஏழாவது ஆள் வந்தால் பத்து டஜன் கூடுகிறது. எட்டாவது ஆள் வந்தால் வெறும் ஆறு. விதி அச்சுப் பிசகாமல் வந்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவன் கேட்காமலே பக்கத்தில் இன்னொரு பத்தியும் போட்டேன். பிசிறு வெட்ட வெளியே கொடுத்தால் டஜனுக்கு இருபது காசு. ஆக, எட்டாவது ஆள் சேர்ப்பது ஒரு ரூபாய் இருபது காசு, வாங்குவது இரண்டு ரூபாய். இதை என் கையால் எழுதினேன். அந்த எட்டுப் பேரில் ஒருத்தி எங்கள் அம்மா என்பது எழுதும்போதும் எனக்குத் தெரியும். ஆனாலும் அது எங்கோ கோதுமை வயலில் நடப்பது போலத்தான் இருந்தது.

கிட்டுசாமி அதை நல்ல தாளில் பிரதி எடுத்தபோது ஒரு புத்திசாலித்தனம் செய்தான். ஆளுக்கு ஒரு வரி போட்டு, நேரே அவரவர் பெயரை எழுதினான். முதல் வரி வேலாத்தாள். எட்டாவது வரி மருதம்மாள். தண்டாயுதபாணி சார் எண்களை மட்டும் வகுப்பில் வாசித்துக் காட்டி, சிவப்பு மையில் 'மிக நன்று' என்று போட்டார். பெயர்களைப் பார்த்தாரா இல்லையா, அந்தக் கடவுளுக்குத்தான் வெளிச்சம். மகன் வாங்கிய சிவப்பு மையைப் பார்த்துப் பூரித்துப்போன சுப்பண்ணன் அட்டவணையை முழுக்கப் படித்தார். வியாபாரி அல்லவா, என்னுடைய பத்தியில் வந்து நின்றார்.

அந்தச் சனிக்கிழமை அம்மா சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"திங்கக்கெழமை இருந்து வர வேண்டாம்னு சொல்லிட்டாங்க கண்ணு. என்னால நட்டமாமா. பையன் படிப்புல எழுதி வெச்சிருக்குதாமா, என்ற பேரு போட்டு."

அம்மா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நான் அத்தனை மெதுவாவா வெட்டறேன்?" என்று கேட்டாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றிரவு சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை காலை அம்மாவையும் இழுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். சுப்பண்ணன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் அந்தத் தாளை வைத்திருந்தார். பக்கத்தில் கிட்டுசாமி நின்றான்.

"ஏனுங்க, இதுல பேரு எழுதினதே தப்புங்க. எட்டாவது ஆளுன்னு ஒருத்தர் கெடையாதுங்க. எங்கம்மாளைக் கடைசில கூப்பிட்டதால கடைசில வந்தாங்க. அவ்வளவுதான்" என்றேன்.

"கணக்கு நீ போட்டதாமா அம்மிணி?"

"நாந்தானுங்க போட்டேன். அதனாலதான் சொல்றேன். உங்க கம்பெனில கை வேகம் ஆருக்குங்க?"

"வேலாத்தாளுக்குத்தான்."

"அப்ப எங்கம்மாளை மொதல்ல உக்கார வெச்சு, வேலாத்தாக்காளைக் கடைசில கூப்பிட்டுப் பாருங்க. இதே ஆறுதான் வரும். எட்டுப் பேருக்குக் கத்தரி ஆறுதானுங்க இருக்குது. ஆரு கடைசில வந்தாலும் கத்தரி கெடைக்கற வரைக்கும் மடிச்சு அடுக்கிட்டுத்தானுங்க உக்காரோணும்."

அவர் அடங்காத ஆர்வம் உள்ள மனிதர். உடனே எண்ணச் சொன்னார். மத்தியானத்துக்குள் எண்ணி முடித்தாகிவிட்டது. அம்மா முதலில், வேலாத்தாள் கடைசியில். ஒரு முழு நாளுக்கு இத்தனை என்று கணக்குப் போட்டால் வேலாத்தாளால் கூடியதும் ஆறே டஜன்தான். கிட்டுசாமியின் முகம் தொங்கிப்போனது. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

சுப்பண்ணன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அப்ப எட்டாவது ஆளுன்னு தனியா ஆரும் இல்லை."

"இல்லீங்க."

"ஆரு வேண்ணாலும் எட்டாவது ஆளுதான்."

"ஆமாங்க."

"அட, எல்லாருமே எட்டாவது ஆளுதான்."

"ஆமாங்க" என்றேன். என் நாக்கில் புண் வந்திருக்கக் கூடாதா.

"அப்படீன்னா எல்லாருக்கும் எட்டாவது ஆளுக்கு உண்டானதைக் குடுத்தாப் போதுமே அம்மிணி. ஒன்னு இருபது. மருதம்மா, நீயும் வந்து உக்காந்துக்க."

நான் கல்லூரிக்கு ஓடினேன். தண்டாயுதபாணி சாரிடம் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

"இது இறுதிநிலை உற்பத்தித் திறன் கூலிக் கோட்பாடுங்க. கடைசி ஆளு சேர்க்கறது எவ்வளவோ, அதுதான் எல்லாருக்கும் கூலி. அடுத்த மாசம் நடத்தறதா இருந்தேன். உங்க மொதலாளி படிக்காமயே கண்டுபுடிச்சுட்டாரு."

"ரெண்டு கத்தரி வாங்கிப் போட்டா கணக்கே மாறிப் போயிருமுங்களே சார்."

"கருவி கூடுனா அது நீண்ட காலத்துக் கணக்குங்க. நாம இப்பக் குறுகிய காலத்துல இருக்கறோம்."

குறுகிய காலத்தில்தான் சார் நாங்கள் அரிசி வாங்குகிறோம் என்று கத்த வேண்டும் போல இருந்தது. இரண்டு கத்தரி. கோயில் தேர்த்திருவிழாக் கடையில் விற்கிற சாமான். அதை வாங்கிப் போட ஒருவருக்கும் மனது வரவில்லை, ஆனால் எட்டுக் குடும்பத்தின் சோற்றில் எண்பது எண்பது காசாகக் கிள்ளி எடுக்க ஒரு கோட்பாடு தயாராக இருந்தது.

அந்த வாரம் முழுக்க அம்மாவிடம் அங்கே ஒருத்தியும் பேசவில்லை. சனிக்கிழமை குறைந்த கூலி கைக்கு வந்தது. சாயங்காலம் வேலாத்தாள் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தாள். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை. என்னைப் பார்த்துத்தான் பேசினாள்.

"எனக்கு மூணு புள்ளைங்க. ஒன்னையும் படிக்க வெக்க முடியலீன்னு இத்தனை நாளு வெசனப்பட்டுட்டு இருந்தேன். இப்ப நல்லதாப் போச்சுன்னு இருக்குது."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குச் சுருக்கென்று தைத்தது, உடனே கோபமும் வந்தது. அவளிடம் தணிந்து பேசுகிற நிலையில் நான் இல்லை.

"நான் போட்டது பாதிக் கணக்கு. மீதியையும் கேட்டுட்டுப் போங்க. ஒருத்தி எந்திரிச்சுப் போனா அவருக்கு ஆறு டஜன் கொறையும். எட்டுப் பேரும் எந்திரிச்சா எத்தனை கொறையும்? எட்டாறு நாப்பத்தெட்டா? நூத்தியாறு. மொத்தமும் போயிரும். அவரு உங்களை ஒவ்வொருத்தியாப் பிரிச்சு வெலை போட்டிருக்கறாரு. சேத்தி வெலை போட்டா அது வேற கணக்கு."

வேலாத்தாள் போய்விட்டாள்.

திங்கட்கிழமை எட்டுப் பேரும் கம்பெனிக்கு எதிரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். உள்ளே போகவில்லை. சுப்பண்ணன் சிரித்தார். பிசிறு வெட்ட வெளியே ஆள் அனுப்பினார். நூறு டஜனை ஒரே நாளில் வாங்கிக்கொள்ள ஒருவருக்கும் தெம்பில்லை. கொஞ்சம் வாங்கிக்கொண்டவனும் நிலைமையை மோப்பம் பிடித்து முப்பது காசு கேட்டான். செவ்வாய்க்கிழமை தையல் மேஜைகளைச் சுற்றிப் பனியன் குவிந்து கிடந்தது. புதன்கிழமை கல்கத்தாவுக்குப் போகிற லாரி வந்து நின்றுவிட்டது. அப்போதுதான் அவர் வெளியே வந்தார். நானும் கல்லூரிக்குப் போகாமல் மரத்தடியில்தான் இருந்தேன்.

"ஏழு பேரு உள்ள வாங்க. பழைய ரெண்டு ரூவாயே தர்றேன். மருதம்மா மட்டும் வேண்டாம். இத்தனை கூத்துக்கும் அவ புள்ளைதான் காரணம்."

யாரும் அசையவில்லை. மூன்று நாள் கூலி இல்லாமல் உட்கார்ந்திருந்த பெண்கள் அவர்கள். இரண்டு பேர் அம்மாவைப் பார்த்ததை நான் பார்த்தேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அம்மா தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"போங்க அக்கா. ஊட்டுல புள்ளைங்க இருக்குது. எனக்கு வேற எடம் கெடைக்கும்."

கிடைக்காது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சுப்பண்ணன் சொல்லிவிட்டால் பக்கத்துக் கம்பெனிக்காரன் வாசலில் நிற்கக்கூட விடமாட்டான்.

வேலாத்தாள் கையை நீட்டி அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அம்மா பொத்தென்று உட்கார்ந்தாள்.

"எட்டுப் பேருமுங்க. இல்லாட்டி ஒருத்தியும் இல்லீங்க" என்றாள் வேலாத்தாள். குரலை உயர்த்தக்கூட இல்லை.

லாரி டிரைவர் ஹாரன் அடித்தான். சுப்பண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "வந்து தொலைங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பெண்கள் சேலையைத் தட்டிக்கொண்டு ஒவ்வொருவராக எழுந்து நடந்தார்கள். அம்மாவும் போனாள். கடைசியாக வந்த வேலாத்தாள் என் முன்னால் நின்றாள். தட்டிக்கொடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவ்வளவு நடந்த பிறகும் எனக்கு அந்தப் புத்தி போகவில்லை.

"உங்கம்மாளுக்காகத்தான் உக்காந்தேன். உனக்காக இல்லை. எங்களுக்கு மூணு நாளு கூலி போச்சு. ரெண்டு நாளா எங்க ஊட்டுல ராத்திரிக்கு அடுப்புப் பத்த வெக்கலை. அதை எந்தப் பத்தில எழுதுவே அம்மிணி?"

அவள் கேட்டது சரியான கேள்வி. எனக்கு ஆத்திரமே அதனால்தான்.