ஜமீலாவின் சம்மதம்

நான் தொடர்கதை எழுதுவது கோட்டக்குப்பத்தில் பாதிப் பெண்களுக்குத் தெரியும். செல்போனில் படித்துவிட்டு, எதிரே பார்த்தால் பிடித்துக்கொள்வார்கள். "ஃபர்ஹீன், ஜமீலாவுக்கு எப்போ நிக்காஹ்?"

ஜமீலா என் கதாநாயகி. தொட்டாற்சுருங்கிச் செடியை மனத்தில் வைத்து உண்டாக்கினேன். யாராவது நிமிர்ந்து பார்த்தாலே குனிந்துகொள்வாள். போன வாரம் சம்மதம் கேட்க வந்தவர்கள் முன்னால் அவள் வாய் திறக்கவில்லை. அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள் என்று எழுதினேன். எங்கள் பக்கத்து வழக்கம் அதுதானே. கன்னிப்பெண் பேசாமலிருந்தால் சரி என்று அர்த்தம். ஹார்ட் ஹார்ட்டாக வந்து குவிந்தது.

என் நாத்தனார் பெனாசிருக்கு மட்டும் பிடிக்கவில்லை. திண்டிவனத்தில் தாவரவியல் கடைசி வருஷம் படிக்கிறாள்.

"தப்பா எழுதிக்கினு இருக்கீங்க அண்ணி. அந்தச் செடி வெக்கத்துல மடங்கல. ஆடு மேய வந்தா இலையை மறைச்சிக்கினு, தண்டுல இருக்கிற முள்ளைக் காட்டுது. கிட்ட வராதன்னு சொல்லுது. அதைப் போயி சம்மதம்னு எழுதிட்டீங்களே!"

எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது.

"நல்லா வக்கணையா பேசுற! நாளைக்கு உன்னையே கேக்க வர்றாங்க. இந்த வாய் உங்க அத்தாகிட்ட எங்கடி போச்சு?"

அவள் முகம் வாடிவிட்டது. மாப்பிள்ளை யாஹ்யா துபாயில் இருப்பவன். நிக்காஹ் முடிந்த கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவானாம். படிப்பு அவ்வளவுதான். தலையணையில் முகம் புதைத்து இவள் அழுவது எனக்குத் தெரியும். ஆனால் அவள் அத்தா, என் மாமனார் முத்து முகம்மது கேட்டபோதெல்லாம் தரையைத்தான் பார்த்தாள். அவரும் பிள்ளை வெட்கப்படுகிறது என்று சந்தோஷமாகப் போய்விட்டார்.

"நீங்க அத்தாகிட்ட சொல்லுங்கண்ணி."

"நான் சொன்னா மருமக மூட்டி வுட்டான்னு பேராயிடும். நீ சொன்னாத்தான் எடுபடும்."

மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மாமா உள்ளறைக்கு வந்தார். சாட்சியாக யாஹ்யாவின் பெரியப்பா வாசலோரம் நின்றார்.

"பெனாசிரு, யாஹ்யாவுக்கு உன்னைக் குடுக்க சம்மதமாம்மா?"

அவள் குனிந்தாள். தோள் ஒடுங்கியது. மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

என் மாமியார் தாஜுன்னிசா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வெக்கப்படுது. சம்மதம்தான். ஜல்தி சக்கரையைக் கொண்டாங்க."

பெரியப்பா அல்ஹம்துலில்லாஹ் என்று திரும்பினார். பேசுடி, பேசித் தொலையேன்!

மாமா கதவைத் தாண்டிவிட்டார்.

"அத்தா."

நின்றார்.

"எனக்கு சம்மதம் இல்லத்தா. படிப்பை முடிக்கணும்."

"அடியே!" என்று மாமி நெஞ்சில் கைவைத்தார். பெரியப்பா சிரித்தார். "சின்னப் பொண்ணு, பயந்துக்கினு ஏதோ சொல்லுது. நீங்க வாங்க பாய்."

"இல்லீங்க. எம்பொண்ணு சொல்லிட்டா. இது வேணாம், மன்னிச்சிக்குங்க," என்றார் மாமா. பெரியப்பா முகம் கறுத்துக் கூடத்துக்குப் போனார்.

மாமா திரும்பி வந்து மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"எத்தினி வாட்டி கேட்டேன், ஏம்மா சொல்லல?"

பெனாசிர் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"சொல்லிக்கினுதான் இருந்தேன்த்தா. நீங்க கேட்டப்பல்லாம் பேசாமத்தான இருந்தேன்?"