மல்லாந்து எடுத்த வானம்

அறிவரசன் ஒட்டிய வானத்தால், பாடாலூர் ரோட்டோரம் ஒரு வீடு மல்லாக்கச் சாய்ந்துகொண்டிருந்தது. வீடு இன்னும் கட்டப்படவில்லை. கம்ப்யூட்டரில் அவன் வரைந்த படம்தான். ஆனால் அதைப் பெரிய பிளெக்ஸாக அடித்து மனையின் முன்னால் நட்டுவிட்டார், வீட்டைக் கட்டப்போகும் அழகேசன்.

"பஸ்ஸுல போறவனெல்லாம் தலையச் சாய்ச்சுப் பாத்துட்டுப் போறான் தம்பி. சம்பந்தி வூட்டுக்காரங்க, வூடு ஏங்க வுழுவுதுன்னு கேக்குறாங்க. நான் என்ன சொல்லட்டும்?" என்றார் போனில்.

"மாடர்ன் டிசைன்னு சொல்லுங்க சார்."

"நாளைக்குள்ள மாத்திக் குடுத்துடு" என்று வைத்துவிட்டார். சிரிக்கவில்லை. கொஞ்ச நாளாக அவன் சொல்லி யாருமே சிரிப்பதில்லை.

பெரம்பலூரில் இருந்த அவர்களது சின்ன ஆபீஸில் வீடு வரைவது அவன் வேலை, பின்னால் வானம் வைப்பது மனைவி பிரவீணாவின் வேலை. கரு கலைந்தபின் உடம்பு தேற அரியலூரில் அம்மா வீட்டுக்குப் போனவள், ஆவணி போய் கார்த்திகை வந்தும் திரும்பவில்லை. எப்போது வருகிறாய் என்று நேராகக் கேட்க அவனுக்குத் துணிச்சல் இல்லை. 'கேஸ் அடுப்பு உன்னை விசாரிச்சுது' என்று மெசேஜ் போடுவான். 'பாக்கலாம்' என்று பதில் வரும்.

அதனால் வானத்தையும் அவனே பிடிக்கவேண்டியதாயிற்று. எந்தப் பக்கம் திரும்பினாலும் செல்போன் டவரும் விளம்பரப் பலகையும். மொட்டைமாடியில் மல்லாந்து படுத்து, நேர் மேலே போனை நீட்டி எடுத்தான். மேகமெல்லாம் அருமையாக வந்திருந்தது. அதை அப்படியே வீட்டுக்குப் பின்னால் ஒட்டினான்.

இப்போது அந்தத் தப்பையே சாக்காக வைத்து, லேப்டாப்போடு அரியலூர் பஸ் ஏறினான். படம் திருத்தப் போகிறவனுக்குப் புதுச்சட்டை எதற்கு? போட்டிருந்தான். போய்ச் சேருவதற்குள் சிமெண்ட் லாரிகள் கிளப்பிய புழுதி அதைப் பழசாக்கிவிட்டது.

"வாங்க மாப்ள" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார் மாமியார் பூங்காவனம். மாட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர், வரவேயில்லை.

பிரவீணா இளைத்திருந்தாள். படத்தைப் பார்த்ததும், "மல்லாந்து படுத்து எடுத்தீங்களா?" என்றாள்.

"எப்புடிக் கண்டுபுடிச்ச?"

"மேலயும் கீழயும் மேகம் ஒரே அளவுல இருக்கே. இது தலைக்கு மேல இருக்குற வானம். வூட்ட நாம தெருவுல நின்னுல்ல பாக்குறோம்? தூரத்துல போவப் போவ மேகம் சிறுத்து, நெருங்கி, கீழ எறங்கணும்."

அவள் வானத்தைப் பற்றித்தான் சொன்னாள். எதைச் சொன்னாலும் தன்னைத்தான் சொல்கிறாள் என்று நினைப்பது அவனுடைய வியாதி.

படத்தில் மாடி விளிம்பையும் படிக்கட்டு விளிம்பையும் ஒட்டிக் கோடு இழுத்து நீட்டினாள். இரண்டும் பக்கவாட்டில், ஆள் நின்று பார்க்கும் கண் மட்டத்தில் போய்ச் சேர்ந்தன. "வானம் வந்து தொடுற எடம் இதுதான்" என்று, எப்போதோ ஏரிக்கரையில் நின்று எடுத்த வேறொரு வானத்தை அந்த மட்டத்தில் கொண்டுவந்து வைத்தாள். வீடு எழுந்து நின்றது.

"அழகேசன் வூட்டத் தூக்கி நிறுத்திட்ட புள்ள. நம்ம வூடும் ஒருக்களிச்சுத்தான் படுத்திருக்கு. அதையும் ஒரு கை பாரேன்."

அவள் கண் நிறைந்தது. அவன் அடுத்ததற்கு வாயைத் திறந்தான். அவள் கையைக் காட்டித் தடுத்தாள்.

"வேணாங்க. ஆஸ்பத்திரியிலயும் இப்புடித்தான். நான் அழுவ ஆரம்பிச்சாலே சிரிக்க வெக்கப் பாக்குறீங்க. நல்ல மனசுலதான் செய்யுறீங்க, தெரியும். ஆனா எனக்கு அழுது முடிக்கணும். நம்ம வூட்டுல அதுக்கு எடமே இல்ல."

அவனுக்கு ஒரு ஜோக் வந்தது. நல்ல ஜோக்தான். விழுங்கினான். அது போன இடத்தில் வலித்தது.

"பிரவீணா, நீ திரும்பி வருவியா?"

அவள் படத்தை சேவ் செய்து, லேப்டாப்பை மூடி, அவன் பக்கம் நகர்த்தினாள்.

"வரமாட்டேன்" என்றாள்.