புத்தகத்து அம்மா

வெள்ளைக்காரப் பாதிரிமார் கோடைக்கானலைக் காலி பண்ணிக்கொண்டு சொந்த நாட்டுக்குக் கப்பலேறும்போது, அவர்கள் வீட்டுச் சாமானை மொத்தமாக எடுத்து விற்பது ஒலியுல்லாவின் தொழில். பஜாரில் அவர் கடைக்குள் நுழைந்தால் கட்டில், கெட்டில், கம்பளி, கை உடைந்த நாற்காலி என்று கால் வைக்க இடமிருக்காது. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கூடை விளையாட்டுச் சாமானும் கட்டாயம் கிடக்கும். சீமைப் பிள்ளைகள் விளையாடிச் சலித்த அந்தப் பொம்மைகளெல்லாம் நேரே அவர் மகள் ஆமினாவிடம் வந்து சேர்ந்தன. ஊரில் வேறெந்தப் பிள்ளைக்கும் அந்த யோகம் கிடையாது.

அதில் ஒரு தகரக் குரங்கு இருந்தது. சாவி கொடுத்தால் இரண்டு கையிலும் தாளத்தை வைத்துக்கொண்டு ஊரையே கூட்டிவிடும். ஒலியுல்லா அதை வீட்டுக்குக் கொண்டுவந்து முடுக்கிவிட்ட அன்று தெருப்பிள்ளைகள் அத்தனையும் வாசலில் வந்து மொய்த்தன. ஆமினா மட்டும் குரங்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு இரண்டு வயது முடிந்திருந்தது. ஒலியுல்லாவின் மனைவி ஃபக்ருன்னிசா மறுபடியும் சாவி கொடுத்தாள், அதற்குப் பிறகும் கொடுத்தாள். பிள்ளை திரும்பவே இல்லை. குரங்கின் சாவி கழன்று கையோடு வந்த பிறகுதான் அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

ஆமினா அவள் பெற்ற பிள்ளை அல்ல. அதை அவள் மறைத்ததும் இல்லை; மறைத்தால் இந்த ஊர் விட்டுவிடுமா என்ன? கிளாவரை மலைக்கிராமத்தில் வெள்ளைப்பூண்டு போடும் நல்லசாமி, ஒலியுல்லா கடையில்தான் கம்பளி வாங்குவான். அவன் பெண்சாதி பிரசவத்துக்கு டவுன் ஆஸ்பத்திரிக்கு வந்தவள், பிள்ளையைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிவிட்டாள். வீட்டில் ஏற்கெனவே வரிசையாகப் பிள்ளைகள். அவன் பச்சைக் குழந்தையைக் கடைப் பலகையில் கிடத்தி, "பாய், நீங்களே வளத்துக்கோங்க" என்று சொல்லி அழுதான். கல்யாணமாகிப் பல வருஷமாக வெறும் மடியோடு இருந்த ஃபக்ருன்னிசா வேறொன்றும் கேட்கவில்லை. முந்தானையில் சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அப்புறம் நல்லசாமி கேரளத்துப் பக்கம் பிழைக்கப் போனவன், திரும்பி வரவில்லை.

காது கேட்காத பிள்ளை என்று தெரிந்ததும் நாத்தனார் ரஹ்மத்துன்னிசா, "யாரு வீட்டுக் கொறையையோ நீ வாங்கி மடியில கட்டிக்கிட்டயே" என்றாள். ஃபக்ருன்னிசா அதை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டாள். அவளுக்கு இருந்த ஏக்கம் வேறு. பக்கத்து வீட்டுச் சண்முகசுந்தரிக்கு மூன்று பிள்ளைகள். பழனிக்காரி, நெற்றி நிறையப் பொட்டும் தலை நிறையப் பூவுமாக இருப்பாள். அவள் பிள்ளைகள் விடிந்ததிலிருந்து அடையும்வரை அம்மா, அம்மா என்று கத்திக்கொண்டே இருக்கும். "எதுக்குடா இப்பிடி ஏலம் போடுறீங்க? நான் எங்கயும் ஓடிப் போயிரல" என்று அவள் இரைவாள். இந்தப் பக்கம் அடுப்படியில் ஃபக்ருன்னிசாவின் கை அப்படியே நின்றுவிடும். இவளுக்குக் காது வலிக்க வலிக்கக் கிடைப்பதில் ஒன்றே ஒன்று எனக்கு வாய்க்கக் கூடாதா என்று நினைப்பாள். நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொள்வாள்.

ஆமினாவுக்கு ஆறு வயதானபோது பழனியிலிருந்து ஒரு மதர் வந்தார். அங்கே காது கேளாத பிள்ளைகளுக்காகச் சின்னதாக ஒரு பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருந்த கன்னியாஸ்திரி. மிஷன் ஹாலில் திரை கட்டிப் படம் காட்டினார். சினிமாக் கொட்டகை வாசலைக்கூட மிதித்தறியாத ஃபக்ருன்னிசா, சண்முகசுந்தரியைத் துணைக்கு இழுத்துக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். படத்தில் ஒரு வெள்ளைக்காரச் சிறுமி. டீச்சர் அவள் விரலைப் பிடித்துத் தன் மூக்கின் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு 'ம்' என்கிறாள். மூக்கு அதிர்வதை விரல் பார்க்கிறது. பிறகு சிறுமி தன் மூக்கைத் தொட்டுக்கொண்டு முக்கி முனகி ஒரு சொல் சொல்கிறாள். எதிரே நிற்கும் அவள் தாய் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுகிறாள்.

"அம்மான்னு சொல்றா" என்று மதர் தமிழில் விளக்கினார். "காது கேட்காத பிள்ளைக்கு வெரசா வர்ற சொல்லு அதுதான்."

ஃபக்ருன்னிசா பிடித்த பிடியில் சண்முகசுந்தரியின் கண்ணாடி வளையல் ஒன்று நொறுங்கியது.

பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதென்றால் பிள்ளையைப் பழனியிலேயே விட்டுவிட வேண்டும். வருஷத்தில் இரண்டு லீவுக்குத்தான் வீடு. ஒலியுல்லா தயங்கினார். "இத்தன வருசமா பேசாமத்தான வளத்தோம் புள்ள. இன்னமும் வளக்க முடியாதா?" என்றார். அவள் பிள்ளையின் கம்பளிச் சட்டைகளை மடித்து வைத்தாள். என்னை ஒருதரம் அம்மா என்று கூப்பிட வேண்டும் என்பதற்காகவா பிள்ளையை அனுப்புகிறேன் என்று அவளே தன்னைக் கேட்டுக்கொண்டாள். ஆமாம், அதற்காகவும்தான்.

அந்த ஜூனில் ஆமினா போனாள். பேசாத பிள்ளை போனால் வீடு அமைதியாகத்தானே இருக்கும் என்று யாராவது சொன்னால் அவர்களை ஒருநாள் அங்கே குடிவைத்திருக்க வேண்டும். முக்காலியை இழுக்கிற சத்தம், சுவரில் கட்டையால் தட்டுகிற சத்தம், தொண்டைக்குள் கெக்கெக்கென்று சிரிக்கிற சத்தம் எல்லாம் ஒரே நாளில் போய்விட்டது. ஃபக்ருன்னிசா வேலையை முடித்துவிட்டுத் தன் மூக்கில் தானே விரலை வைத்து 'ம்' என்று சொல்லிப் பார்ப்பாள். அரைப்பரீட்சை லீவில் பிள்ளைகளுக்கு அம்மை போட்டிருந்ததால் யாரையும் வீட்டுக்கு விடவில்லை. ஆக, ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஒலியுல்லா போய் அழைத்து வந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கிய ஆமினா வளர்ந்திருந்தாள், மெலிந்திருந்தாள். ஃபக்ருன்னிசாவைக் கண்டதும் ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். வழியெல்லாம் அவள் கையை விடவில்லை. ஆனால் வாய் திறக்கவில்லை.

"பேசுறாளாங்க?" என்று ஃபக்ருன்னிசா கணவரிடம் மெல்லக் கேட்டாள்.

"அஞ்சாறு வார்த்தை வருதாம். மதர் சொன்னாங்க. வீட்டுக்குப் போயிச் சொல்லுவா, இரு."

வீட்டு வாசலில் சண்முகசுந்தரி நின்றுகொண்டிருந்தாள். "வந்துட்டியாடி என் தங்கம்!" என்று கையை விரித்தாள். ஆமினா அவளைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. ஃபக்ருன்னிசாவின் கையை உதறிவிட்டு ஓடினாள். மூக்கில் விரலை வைத்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, கனத்த கரகரத்த குரலில் சொன்னாள்:

"அம்...ம்மா."

சண்முகசுந்தரிக்கு விரித்த கை அப்படியே நின்றது. "ஐயய்யோ, நான் இல்லடி! அந்தா நிக்கிறாங்க பாரு, அவுகடி அம்மா!" என்று பிள்ளையைத் திருப்பிவிட்டாள். திருப்பிவிட்டால் ஆகிவிடுமா? ஆமினா அவளையே அண்ணாந்து பார்த்து, இன்னும் சரியாகச் சொல்லவில்லையோ என்று நினைத்தவளாக, இன்னொருதரம் பலமாகச் சொன்னாள்.

ஃபக்ருன்னிசா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். பிள்ளைக்குப் பசிக்கும் என்று தட்டை எடுத்து வைத்தாள். தட்டில் என்ன போட்டோம் என்று அவளுக்குத் தெரியாது.

மறுநாள் சந்தையில் காய்க்காரி ராக்காயியைப் பார்த்தும் ஆமினா அதையே சொன்னாள். ரஹ்மத்துன்னிசாவின் காதுக்கு விஷயம் போக எவ்வளவு நேரமாகும்? வெள்ளனே வந்து உட்கார்ந்துகொண்டாள். "பெத்தவ பொட்டு வச்சவதான? ரத்தம் சும்மா கெடக்குமா? நீ பாலும் சோறும் போட்டு வளக்கலாம், அது தன் ஆளுகளத்தான் தேடும்" என்றாள். இந்தமுறை ஃபக்ருன்னிசாவால் மறு காதில் விட முடியவில்லை. பிறந்த அன்றே போன தாயை இந்தப் பிள்ளை எப்படி நினைவு வைத்திருக்கும்? வைத்திருந்தால் நான் எதற்கு? இதே கேள்வியோடு அவள் துணி துவைத்தாள், உலை வைத்தாள், பிள்ளைக்குத் தலை சீவினாள்.

மூன்றாம் நாள் ஆமினா தன் டிரங்குப் பெட்டியைத் திறந்து பொம்மைகளையெல்லாம் வெளியே எடுத்தாள். கூடவே ஒரு கெட்டி அட்டைப் புத்தகம். மதரே படம் வரைந்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று தைத்துக் கொடுத்தது. பக்கத்துக்கு ஒரு படம், கீழே பெரிய எழுத்தில் ஒரு சொல். ஆமினா படத்தைத் தொட்டுத் தொட்டுச் சொல்லிக் காட்டினாள். பந்து. பழம். பசு. பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பி, சிரித்துக்கொண்டே, "அம்மா" என்றாள்.

அந்தப் பக்கத்தில் சேலை கட்டிய ஒரு பெண் இருந்தாள். நெற்றியில் வட்டமாகச் சிவப்புப் பொட்டு. தலையில் மல்லிகை. அசப்பில் சண்முகசுந்தரிதான்.

ஃபக்ருன்னிசா வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்தாள். ரத்தமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அம்மா என்பது பொட்டும் பூவும் வைத்த பெண்ணுக்குப் பெயர் என்று புத்தகம் சொல்லியிருக்கிறது, பிள்ளை ஒழுங்காகப் படித்திருக்கிறாள். முக்காடு போட்டுக்கொண்டு சோறு ஊட்டுகிற இந்தப் பொம்பளைக்கு என்ன பெயர் என்று அவளுக்கு யாருமே சொல்லவில்லை. ஃபக்ருன்னிசாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியிலேயே அழுகையாகப் போயிற்று.

அன்று மத்தியானம் அவள் ஒரு காரியம் செய்தாள். சண்முகசுந்தரியிடம் ஒரு துளி குங்குமம் வாங்கி வந்து, கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். முக்காட்டை விலக்கினாள். விரலில் குங்குமத்தைத் தொட்டு நெற்றிவரை கொண்டுபோனாள். வைத்தால் உடனே கூப்பிட்டுவிடுவாள், சந்தேகமே இல்லை. ஆனால் யாரைக் கூப்பிடுவாள்? ராக்காயியைக் கூப்பிட்ட மாதிரிதானே? ஃபக்ருன்னிசா விரலைக் கழுவிக்கொண்டு கடைக்குப் போனாள்.

"என்னய ஒரு போட்டோ புடிக்கணுங்க" என்றாள்.

ஒலியுல்லா திகைத்துப்போனார். "பொம்பளப் படத்தப் புடிச்சு ஊரெல்லாம் சுத்த விடவா? அக்கா என்ன சொல்லும்?"

"அவுக சொல்றதத்தான் தெனமும் சொல்றாகளே. நீங்க சொல்லுங்க."

ஒலியுல்லா கடைக்குப் பூட்டுப் போட்டார். அவர் சம்மதம் எப்போதும் அப்படித்தான் இருக்கும்.

ஏரிக்கரையில் சீசனுக்கு வருகிறவர்களைக் குதிரை மேல் உட்கார வைத்துப் படம் பிடிக்கும் சேனாதிபதியின் ஸ்டுடியோவுக்குப் போனார்கள். பின்னால் அருவி வரைந்த திரை. "பட்டுச்சேல இருந்தாக் கட்டிட்டு வாங்கம்மா. முக்காட்டக் கொஞ்சம் பின்னால தள்ளிக்கிட்டா மொகம் நல்லா விழும்" என்றார் சேனாதிபதி.

"எப்பவும் எப்பிடி இருக்கேனோ அப்பிடியே புடிங்க. அந்த அருவிய எடுத்துருங்க. எங்க வீட்ல அருவி இல்ல."

படம் வந்ததும் பசை காய்ச்சி, முதல் பக்கத்துப் பெண்ணின் மேல் ஒட்டினாள். கீழே 'அம்மா' என்ற எழுத்து மட்டும் அப்படியே இருந்தது. ஆமினா படத்தைப் பார்த்தாள், ஃபக்ருன்னிசாவைப் பார்த்தாள், மறுபடியும் படத்தைப் பார்த்தாள். எழுத்தின் மேல் விரலை ஓட்டினாள். என்னவோ யோசித்தாள். புத்தகத்தை மூடிப் பெட்டியில் வைத்துவிட்டாள். லீவு முடிகிறவரை அவள் ஃபக்ருன்னிசாவையும் கூப்பிடவில்லை, சண்முகசுந்தரியையும் கூப்பிடவில்லை. பஸ் கிளம்பியபோது ஜன்னல் வழியே கையை ஆட்டினாள், அவ்வளவுதான். இருந்த ஒரு சொல்லையும் நானே கெடுத்துவிட்டேனோ என்று ஃபக்ருன்னிசா டிசம்பர்வரை புழுங்கினாள்.

அரைப்பரீட்சை லீவுக்கு அவளே அழைக்கப் போனாள். பிறந்த வீட்டுக்குப் போகிற சாக்கில் சண்முகசுந்தரியும் கூட வந்தாள். வத்தலக்குண்டில் பஸ் மாறி, பழனி போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். பள்ளிக்கூட முற்றத்தில் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். சத்தம் போடாமல் விளையாடுகிறார்கள் என்று நினைத்தால் தப்பு, அத்தனை கூச்சல்.

ஒரு பொடியன் பந்தை எடுக்க வந்தவன் ஃபக்ருன்னிசாவைக் கண்டு அப்படியே நின்றான். அவள் முக்காட்டைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். மூக்கில் விரலை வைத்தான்.

"அம்ம்மா!"

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குள் அவனுக்குப் பின்னால் ஒரு சிறுமி வந்தாள். அவளும் "அம்மா" என்றாள். பிறகு முற்றம் முழுக்கத் திரண்டு வந்துவிட்டது. கட்டைக் குரலும் கீச்சுக் குரலுமாக, ஆளுக்கு ஒரு விதமாக, அவள் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அம்மா, அம்மா என்றன. நெற்றி நிறையப் பொட்டோடு பக்கத்தில் நின்ற சண்முகசுந்தரியை ஒரு பிள்ளைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மதர் ஓடி வந்தார். சிரிப்பதா மன்னிப்புக் கேட்பதா என்று தெரியாமல் தவித்தார். "தப்பு என்னோடதும்மா. வேற எந்தப் பிள்ளைகிட்டயும் அம்மா போட்டோ கிடையாது. உங்க பொண்ணு இந்தப் படத்த எல்லாருக்கும் காட்டிக்கிட்டே திரிஞ்சா. வரைஞ்ச படத்தவிட அதுலதான் எல்லாருக்கும் ஆசை. இப்போ அம்மான்னா இவங்களுக்கு நீங்கதான். இனிமே ஒவ்வொரு வீட்டுலயும் போட்டோ கேட்டு வாங்கப் போறேன்."

ஃபக்ருன்னிசா எட்டின தலையையெல்லாம் தடவினாள். கண்கள் மட்டும் கூட்டத்தில் ஒரு முகத்தைத் தேடின.

ஆமினா கிணற்றடியிலிருந்து வந்தாள். தன் முக்காட்டுக்காரியை ஊரே பங்கு போட்டுக்கொள்வதைப் பார்த்தாள். கையிலிருந்த புத்தகத்தை எறிந்துவிட்டுப் பாய்ந்தாள். பொடியன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். சிறுமியின் கையிலிருந்து முந்தானையைப் பிடுங்கினாள். ஒருவனைத் தள்ளினாள், ஒருத்தியின் சடையை இழுத்தாள். ஃபக்ருன்னிசாவின் முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டு எல்லாரையும் முறைத்தாள்.

"ஆமினா!" மதர் அவள் தோளைத் தட்டித் திருப்பி, தன் மூக்கில் விரலை வைத்துக் காட்டினார். "யாரு வந்திருக்காங்க? சொல்லு பாப்பம். அம்..."

ஆமினா மதரைப் பார்க்கவில்லை. மறுபக்கமாக ஊர்ந்து வந்துகொண்டிருந்த இன்னொரு பொடியனை விரட்ட வேண்டியிருந்தது.

ஃபக்ருன்னிசாவின் கண்ணீர் முக்காட்டை நனைத்தது.

"இருக்கட்டும் மதர், விடுங்க" என்றாள். "அவ சோலியா இருக்கா."