நாலாயிரம் பேர் வந்த கூட்டமும் மீந்துபோன ஏழு பொட்டலமும்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. அந்தப் பொய்யைச் சொன்னது நா—

(வக்கீல் நிருபன் போன வாரமே எச்சரித்துவிட்டார்: "அங்கிள், 'நான்'னு எழுதாதீங்க. உங்க கேஸ் இன்னும் முடியல." ஆகையால் இனி 'அவர்'. பெயர் அம்பிகைபாகன், வயது அறுபத்தொன்பது. என் மூக்குக் கண்ணாடியைத்தான் அவரும் போட்டிருப்பார். தற்செயல்.)

அம்பிகைபாகன் முப்பது வருடம் பட்டர்வொர்த் ஸ்டேஷனில் ரயில் அறிவிப்பாளர். கண்ணுக்கே தெரியாத ரயிலையும் "இன்னும் சற்று நேரத்தில்" என்று அன்போடு சொல்லிப் பழகிய வாய். ஓய்வு பெற்றபின் அந்த வாய்க்கு ஃபேஸ்புக் கிடைத்தது.

2

முதல் தொடக்கம்: "அன்று மாலை டத்தோ கிராமாட் வட்டாரமே திரண்டு வந்தது. கடல் ஓர் அடி பின்வாங்கி—"

"இஞ்சாருங்கோ, மண்டபத்துக்குள்ள கடல் எப்ப வந்தது?" என்று தோளுக்குப் பின்னால் நின்று கேட்டார் மனைவி ஞானாம்பிகை. அந்த வரியை அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம், கடல் இல்லாமல்: நாடாளுமன்றத் தேர்தல் வருகிறது. (எந்த வருடம் என்று தேடாதீர்கள். இது நான் என் மேசைமேல் நடத்துகிற தேர்தல்.) எதிர்க்கட்சி வேட்பாளர் துளசி. முன்னாள் நர்ஸ், அம்பிகைபாகனுக்குப் பக்கத்து வீடு. அவருக்கு ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, "மிஷினும் உங்கள மாதிரியே கூட்டிச் சொல்லுது அங்கிள்" என்று சிரிக்கிறவள். டத்தோ கிராமாட் மண்டபத்தில் அவளுடைய முதல் செராமா, அதாவது பேச்சுக் கூட்டம். இருநூறு பேருக்குத்தான் போலீஸ் அனுமதி.

சூலியா தெருவில் கடை வைத்திருக்கும் அப்துல் ரஹீம் ஐம்பது பொட்டலம் மீ கோரெங், அதாவது வறுத்த நூடுல்ஸ், கட்டிக் கொண்டுவந்தார். துளசியின் கட்சிச் செராமாவில் தலையை எண்ணுகிற வழக்கமில்லை. ஆளுக்கொரு பொட்டலம், மீந்ததைக் கழித்தால் கூட்டம். ஏழு மீந்தது. ஆக, நாற்பத்து மூன்று.

காலி நாற்காலிகளைத் துளசியே ஒவ்வொன்றாக அடுக்கினாள். அம்பிகைபாகனுக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்து, மீந்த பொட்டலம் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு பதிவு போட்டார்: "நாலாயிரம் பேர்! சாலையே அடைத்தது!"

அன்பில்தான் போட்டார். கதையில் எதை அடித்தாலும் இந்த வரியை அடிக்கமாட்டேன்.

3

மறுநாள் காலை துளசியைப் போலீசார் கூட்டிக்கொண்டு போனார்கள். குற்றம், அனுமதியை மீறிய கூட்டம். ஆதாரம், அம்பிகைபாகனின் பதிவு. நான்கு நாள் காவல். நாலாம் நாள் காலை பத்து மணியோடு வேட்புமனுத் தாக்கல் முடிகிறது. துளசி மனுவில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

அதே வாரம் வேறு ஊர்களில் பத்து எதிர்க்கட்சித் தலைவர்கள் உள்ளே போனார்கள். ஒருவர் மைக் சத்தத்துக்கு, ஒருவர் கொடிக்கம்பத்தின் உயரத்துக்கு. (சரி, பத்து இல்லை, மூன்று. ஞானாம்பிகை பின்னால்தான் நிற்கிறார்.)

4

போலீஸ் ஸ்டேஷனுக்கு அம்பிகைபாகன் ரஹீமையும் இழுத்துக்கொண்டு போனார். இன்ஸ்பெக்டர் ஷாஹிராவுக்கு முதல் பிரதியில் கொடூரமான கண்கள் கொடுத்திருந்தேன். ஆனால் அவர் எழுந்து வந்து கிழவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். அதன்பிறகு அந்தக் கண்கள் பொருந்தவில்லை.

"நாலாயிரம் இல்லம்மா. நாப்பத்தி மூணு" என்றார் அம்பிகைபாகன், மலாயில்.

"ஏழு பொட்டலம் மீந்துச்சு. நான் சாட்சி" என்றார் ரஹீம்.

"அப்போ பொய் எழுதினீங்களா? பொய்ச் செய்திக்கும் சட்டம் இருக்கு லா, அங்கிள்."

"இருக்கட்டும். எழுதிக்குங்க."

அப்போது துளசியை விசாரணைக்காக வாசலைத் தாண்டிக் கூட்டிப்போனார்கள். அவளுக்குக் காது கூர்மை. "நாப்பத்தி மூணா? முப்பத்தொம்பதுதான் அங்கிள்! கடைசி வரிசையில நாலு பேரு மஃப்டி போலீஸ். ஒருத்தர் மிளகாய்ச் சம்பல்கூட கேட்டு வாங்கினாரு!"

ஷாஹிரா பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

நாலு பேர் உட்கார்ந்து கேட்டு, சாப்பிட்டும் போயிருக்கிறார்கள். அப்படியானால் கணக்கு முதல் நாளே போலீசுக்குத் தெரியும். தேவைப்பட்டது ஒரு சாக்கு. அதை அம்பிகைபாகன் சுடச்சுடக் கட்டிக் கொடுத்திருக்கிறார்.

அவர் வாக்குமூலம் எழுதினார்: முப்பத்தொன்பது பேர், நான்கு போலீஸ், ஏழு பொட்டலம் மீதி.

"அந்த நாலு பேரை எடுத்துடுங்க அங்கிள்" என்றார் ஷாஹிரா மெதுவாக. "உங்க மேல கேஸ் வராம நான் பார்த்துக்கறேன்."

"எப்படிம்மா எடுக்கறது? அவங்களும் சாப்பிட்டாங்களே."

கையெழுத்துப் போட்டார். அவர் வாழ்நாளில் எழுதியதிலேயே ருசியில்லாத வாக்கியம் அதுதான்.

5

முடிவு ஒன்று: பத்துக்கு ஒரு நிமிடம். நாற்பதாயிரம் பேர் துளசியைத் தோளில் தூக்கி—

(ஞானாம்பிகை.)

முடிவு இரண்டு: மணி பத்து. கேட்டை இழுத்து—

இதற்கு என் கை வரவில்லை.

நடந்த வரைக்கும் சொல்கிறேன். நாலாம் நாள் காலை ஒன்பது நாற்பது, வேட்புமனு மையத்தின் வாசல். நிருபன் ஸ்டேஷனிலிருந்து போன் போட்டார்: "விட்டாச்சுன்னு சொல்றாங்க அங்கிள், ஆனா ஆள் இன்னும் வெளிய வரல." அங்கிருந்து கார் வரக் கால் மணி நேரம். அம்பிகைபாகன் மனுவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறார்.

"வந்துடுவாங்களா அண்ணே?" என்றார் ரஹீம்.

"இன்னும் சற்று நே—" என்று பழக்கத்தில் கிளம்பிய வாயை அம்பிகைபாகன் மூடிக்கொண்டார்.

"சரி, எத்தனை பேருக்குப் பொட்டலம் எடுக்க?"

அம்பிகைபாகன் திரும்பி, விரல் மடக்கி எண்ணினார். அவரையும் சேர்த்து மண்டபத்துக்கு வந்த முப்பத்தொன்பது பேர். மரத்தடியில் அதே மஃப்டி நால்வர். அன்று வராத ஞானாம்பிகை, இன்று குடையோடு.

"நாப்பத்தி நாலு."

ஒன்பது ஐம்பத்தேழுக்கு ஒரு வெள்ளைக் கார் திருப்பத்தில் தெரிகிறது. உள்ளே யார் என்று எனக்குத் தெரியும். ஆனால் போன முறை நான் (ஆமாம் நிருபன், நான்தான்) பார்த்ததைச் சொல்கிறேன் என்று சொல்லித்தான் ஒரு பெண்ணை உள்ளே தள்ளினேன். இந்த முறை என் பேச்சை நம்ப வேண்டாம். நீங்களே வந்து வாசலில் நின்று பாருங்கள்.

ரஹீம் கேட்கிறார்: நாப்பத்தி நாலா, நாப்பத்தி அஞ்சா?