பதினேழாம் எண் வீட்டின் சம்மதம்

தேவசகாயத்தின் வீட்டுச் சுவரில் யாரோ சிவப்புப் பெயின்டால் 17 என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். வீட்டை இடிக்கப்போகிறார்கள் என்றார் பக்கத்து வீட்டு முனிசாமி. இல்லை, பட்டா தரப்போகிறார்கள் என்றார் எதிர்வீட்டு மோசஸ். கேளம்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் அலுவலகத்தில் வேலை பார்க்கும் மகள் ஜெனிட்டாவுக்கு எதுவும் பிடிபடவில்லை. ஊருக்குப் பின்னாலிருக்கும் கல் குவாரியைப் பெரிதாக்குவது பற்றி வியாழக்கிழமை கருத்துக் கேட்புக் கூட்டம் என்று தெரிந்ததும், அங்கேயே கேட்டுவிடலாம் என்று லீவு போட்டுவிட்டு அப்பாவை அழைத்துக்கொண்டு போனாள்.

செங்கல்பட்டில் ஒரு கல்யாண மண்டபம். மைக் கைக்கு வந்ததும் அந்த எண்ணைப் பற்றிக் கேட்டாள். மேடையிலிருந்த அதிகாரி குவாரி கம்பெனி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர், கம்பெனிக்காக ஊரில் கருத்துக் கேட்டு அறிக்கை தயாரித்த பத்ரியைப் பார்த்தார். பத்ரி தடித்த ஃபைலைப் புரட்டினார்.

“பயப்படாதீங்கம்மா. கருத்துக் கேட்ட வீட்டுக்கெல்லாம் நம்பர் போட்டோம். பதினேழு... தேவசகாயம். குவாரி விரிவாக்கத்துக்கு ஆதரவு.”

மண்டபமே திரும்பி தேவசகாயத்தைப் பார்த்தது. ஜெனிட்டாவும் அப்பா பக்கம் திரும்பினாள். குவாரியில் வெடி வைக்கும் ஒவ்வொரு நாளும் வாய் ஓயாமல் திட்டுகிற மனிதர் அவர்.

“இன்னா நைனா, சரின்னா சொன்ன?”

“நான் எங்கம்மா சொன்னேன்? ரெண்டு பேரு வந்தாங்கோ. ரோடு வேணுமான்னாங்கோ, வேணும்னேன். ஆஸ்பத்திரி வேணுமான்னாங்கோ, வேணும்னேன். வாணாம்னு எவன் சொல்லுவான்? குவாரின்ற பேச்சே எடுக்கல.”

ஜெனிட்டா அதை அப்படியே மைக்கில் சொன்னாள். பத்ரி நிஜமாகவே குழம்பிப்போனார்.

“ரோடு போடுறது குவாரித் திட்டத்துலதானே சார் இருக்கு? ரோடு வேணும்னா திட்டம் வேணும்னுதானே அர்த்தம்?”

அதிகாரி எழுதிக் கொடுக்கச் சொன்னார். ரோடு வேண்டும், குவாரியைப் பெரிதாக்க வேண்டாம் என்று அவள் எழுத, தேவசகாயம் கையெழுத்துப் போட்டார்.

“அந்த ஆதரவை அடிச்சிடுவீங்களா சார்?”

“அறிக்கையில ஏறினதை அடிக்க முடியாதும்மா. இதையும் சேர்த்து அனுப்புவோம்.”

“ரெண்டும் போனா, எதை எடுத்துப்பாங்க?”

அதிகாரி அவள் தாளை ஃபைலில் செருகினார். “அது மேல முடிவு பண்றது.”

அடுத்த திங்கட்கிழமை அலுவலகத்தில் இருந்தபோது அப்பாவிடமிருந்து போன் வந்தது. குரலைத் தாழ்த்திப் பேசினார்.

“அதே ரெண்டு பேரு மறுபடியும் ஃபாரம் எடுத்துகினு வந்து நிக்கிறாங்கோ. வூட்டுக்குக் குடிதண்ணிக் குழா வேணுமான்னு கேக்குறாங்கோ. இன்னா சொல்லட்டும்?”

தெருமுனை லாரித் தண்ணீரைத்தான் அவர் இன்றைக்கும் குடத்தில் பிடித்து வருகிறார். வேண்டும் என்று சொல்லச் சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை, வேண்டாம் என்று சொல்லச் சொல்லவும் வரவில்லை.

“லைன்லயே இரு நைனா” என்றாள்.