நாற்பத்தொன்றாம் எண் ஸ்வெட்டர்

சலவைக்கடை என்ற ஃபங்க் இசைக்குழுவில் நான் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. குழுவுக்கு வயது இருபத்தேழு. என்னைவிட மூன்று வயது மூத்தது. நான் பாரிடோன் சாக்ஸஃபோன் வாசிக்கிறேன். துணிகளுக்கு அட்டை குத்துவதும் என் வேலைதான். இரண்டில் அட்டை குத்துவதைத்தான் ஒழுங்காகச் செய்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

எங்கள் கச்சேரியில் மேடை ஒரு சலவைக்கடையாக இருக்கும். ஆறு பேரும் வெள்ளை மேலங்கி போட்டிருப்போம். நடுவில் உருண்டையான பழைய துவைக்கும் இயந்திரம். முதல் பாட்டு முடிவதற்குள் கூட்டத்திலிருந்து துணி வாங்குவோம். கோட்டு, சட்டை, கழுத்துத் துணி, எதுவானாலும் சரி. மஞ்சள் அட்டையைக் கிழித்து ஒரு பாதியைத் துணியில் குத்துவேன், மறுபாதியைக் கொடுத்தவரிடம் தருவேன். எங்கள் பாடகர் செவெரின் பிளிஷ்கா துணிகளை இயந்திரத்துக்குள் போட்டு, விசையைத் தட்டி, அதிரும் மூடியின் மேல் ஏறி நின்று ஆடுவார். தண்ணீர் கிடையாது. கடைசிப் பாட்டில் இஸ்திரி போட்டு, எண்ணைக் கூவித் திருப்பிக் கொடுப்போம்.

விதி ஒன்றுதான். துணி அந்நியருடையதாக இருக்க வேண்டும். யாரும் திரும்ப வாங்காமல் விட்டுப்போன துணிகள் நீல மூட்டையில் கட்டி வேனிலேயே இருக்கும். அவற்றை எறியவும் கூடாது, எடுக்கவும் கூடாது.

ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, வட போலந்தில், நோதெச் ஆற்றங்கரையில் ஒரு சிறு ஊரின் திருநாள். எங்கள் ஊர் பிட்கோஷ்ச்சிலிருந்து வேனில் போனோம். வெள்ளிக்கிழமை மாலை வகுப்பில் மெழுகில் இரண்டு கடைவாய்ப்பல் செதுக்கி, இரண்டையும் பாழாக்கியிருந்தேன். பல் செட்டு செய்யும் படிப்பில் இது எனக்கு இரண்டாம் வருடம். வழியெல்லாம் என் விரல்களையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அன்றைக்கு வார்சாவிலிருந்து ஒரு பெண்மணி எங்களைப் பார்க்க வருவதாக இருந்தது. பெயர் ரதோம்ஸ்கா. இலையுதிர்கால இசை விழாவுக்குக் குழுக்களைத் தேர்ந்தெடுப்பவர். அந்த வருடம் எங்களுக்கு மொத்தமே ஆறு கச்சேரிகள்.

டிரம்ஸ் வாசிக்கும் ஜெமோவித் ஓட்டிக்கொண்டே சொன்னார்: "அந்தம்மா வேணாம்னு சொல்லிட்டா செப்டம்பரோட கடையைச் சாத்திட வேண்டியதுதான். நான் மச்சானோட டைல்ஸ் ஒட்டப் போறேன். சொல்லிட்டேன்."

"நீ ஒட்டின டைல்ஸும் தாளம் தப்பித்தான் நிக்கும்," என்றார் செவெரின். ஐம்பத்தொன்பது வயது. பின் இருக்கையில் இடுப்பை ஒருக்களித்து, காலை என் வாத்தியப் பெட்டியின் மேல் நீட்டியிருந்தார். இடுப்பு மூட்டை மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லி ஒரு வருடம் ஆகியிருந்தது.

"தலைவரே, இன்னைக்கு மெஷின் மேல ஏறணுமா?" என்று கேட்டேன்.

"ஏறாம? கீழ நின்னு சுருக்கம் நீவவா? கம்முனு வாம்மா."

ஆறு மணிக்கு மேடை ஏறினோம். வெயில் இன்னும் கண்ணைக் குத்தியது. எங்களுக்கு முன்னால் நகரத் தலைவர் பேசியிருந்தார், தீயணைப்புத் தொண்டர்கள் பித்தளை வாத்தியங்கள் ஊதியிருந்தார்கள். எங்களுக்குப் பின்னால் டிஸ்கோ போலோ என்னும் துள்ளல் பாட்டு பாடும் பிரபலப் பாடகர் ஒருவர் வரவிருந்தார். அவருக்காக முன்வரிசை நான்கு மணியிலிருந்தே நிரம்பியிருந்தது. கம்பித் தடுப்பில் சாய்ந்து பெண்கள் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார்கள். ரதோம்ஸ்கா ஒலிக் கட்டுப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் குடையின் கீழ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

முதல் பாட்டு தொடங்கியது. நான் அட்டைகளோடு கீழே இறங்கினேன். யாரும் எதுவும் கொடுக்கவில்லை. முப்பத்துநான்கு டிகிரி வெயில், கழற்றிக் கொடுக்க உடம்பில் என்ன இருக்கும்?

"ஏதாவது ஒண்ணு குடுங்க மேடம், கடைசியில திருப்பித் தருவோம்."

"இருக்கறதே இந்த பனியன்தான். இதையும் கழட்டவா?" என்றாள் ஒருத்தி. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"அவர் எப்ப வருவாரு, அதைச் சொல்லுங்க," என்றாள் இன்னொருத்தி.

முதல் பாட்டுக்கு ஏழு நிமிடம். அதில் மூன்று போய்விட்டது. மேடையில் செவெரின் காலி இயந்திரத்தின் வாயைத் திறந்து காட்டி, வயிற்றைத் தடவி, பசிப்பதுபோல் நடித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் தடவை தடவியபோது யாரும் சிரிக்கவில்லை. நான் ரதோம்ஸ்காவைப் பார்த்தேன். அவர் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேன் மேடைக்குப் பின்னாலேயே நின்றது. நான் என்ன செய்தேன் என்பதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். நீல மூட்டையை அவிழ்த்தேன். ஒன்பது துணிகள் எடுத்தேன். பழைய அட்டைகளை ஊக்கோடு கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். முன்வரிசைப் பெண்களிடம் ஆளுக்கொன்றாகக் கொடுத்து, "மேல நீட்டுங்க, போதும்" என்றேன். அவர்களுக்கும் பொழுது போகவில்லை, வாங்கிக்கொண்டார்கள். புது அட்டை குத்தினேன். எல்லாம் நேரத்துக்குள் முடிந்தது. முடிந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

செவெரின் குனிந்து துணிகளை வாங்கினார். முதலில் ஒரு மழைக்கோட்டு. பிறகு ஒரு பச்சை ஸ்வெட்டர். அதை இயந்திரத்துக்குள் போடப் போனவர் நின்றார். முழங்கைப் பக்கம் திருப்பிப் பார்த்தார். கையை உயர்த்தினார். பேஸ் கிட்டாரைத் தவிர எல்லாம் நின்றது.

"இது உன்னோடதா கண்ணு?" என்று ஒலிவாங்கியிலேயே கேட்டார்.

சூரியகாந்தி விதைப் பெண் என்னைக் கைகாட்டினாள். "அந்தக்கா குடுத்துச்சு."

கூட்டம் சிரித்தது. எனக்குக் காதுமடல் சுட்டது. சாக்ஸஃபோனின் பின்னால் ஒளிந்துகொள்ளலாம் என்றால் அது மேடையில் இருந்தது.

செவெரின் இயந்திரத்தின் மேல் ஏறவில்லை. மெதுவாகத் திரும்பி அதன் மூடியில் உட்கார்ந்தார், பேருந்துக்குக் காத்திருப்பவரைப் போல. "எண் நாற்பத்தொண்ணு," என்றார். "தோருன், தொண்ணூத்தெட்டு. கர்ப்பமா இருந்த ஒரு பொண்ணு குடுத்தா. பாட்டு முடியறதுக்குள்ள வலி எடுத்துப் போயிட்டா. பேப்பர்ல ரெண்டு தடவை விளம்பரம் போட்டேன். வரல." மழைக்கோட்டை எடுத்தார். "இது பீவா ஊர்ல. மழை நின்ன சந்தோஷத்துல விட்டுட்டுப் போயிட்டான்." ஒன்பதையும் அப்படியே சொன்னார். எண், ஊர், ஆள். அட்டை ஒன்றுமே அவருக்குத் தேவைப்படவில்லை. பேஸ் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. ஜெமோவித் குச்சிகளைத் தொடையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அதன் பிறகு நான்கு பாட்டு வாசித்தோம். இயந்திரத்தின் விசையை யாரும் தட்டவில்லை. கைதட்டல் சுமாராக இருந்தது. பாதி அடுத்து வருபவருக்கானது என்று நினைக்கிறேன்.

மேடைக்குப் பின்னால் ரதோம்ஸ்கா வேகமாக வந்தார். "சார், அந்த ஸ்வெட்டர் இடம்! அங்கதான் நான் போனைக் கீழ வெச்சேன். அது நீங்க எழுதி வெச்சதா?"

"இல்ல மேடம். தப்பு நடந்துபோச்சு."

"தப்பாவே இருக்கட்டும். அக்டோபர்ல மூணு நாள் தர்றேன். மூணு நாளும் அதையே பண்ணுங்க. முன்வரிசையில நம்ம ஆளுங்களை உட்கார வெச்சிடலாம். நீங்க மேல ஏறிக் குதிக்கவே வேணாம், உங்க இடுப்புக்கும் நல்லது."

செவெரின் மேலங்கியின் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார். மேலிருந்து கீழாக, ஒவ்வொன்றாக. "மன்னிச்சிடுங்க மேடம்," என்றார். "அதைச் செய்ய மாட்டோம்."

ரதோம்ஸ்கா இன்னொரு தடவை கேட்டார். செவெரின் இன்னொரு தடவை மன்னிப்புக் கேட்டார். ரதோம்ஸ்கா போனதும் ஜெமோவித் குச்சிகளைத் தரையில் வீசினார்.

"இருபத்தேழு வருஷமா நடிக்கிறோம் தலைவரே! அந்த மெஷின்ல தண்ணியே இல்ல! என்னைக்காவது ஒரு கைக்குட்டை வெளுத்திருக்கோமா? இப்ப வந்து சத்தியசந்தன் வேஷம்!"

"தண்ணி இல்லன்னு பாக்க வர்றவங்களுக்கே தெரியும்டா," என்றார் செவெரின். "குடுத்தது அவங்க துணி. அது மட்டும்தான் நெஜம். அதையும் எடுத்துட்டா நான் பெட்டி மேல நின்னு ஆடுற கிழவன்."

"அப்ப முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

ஜெமோவித் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "இவ ஒரு மூட்டையை அவுத்தா, மொத்தமும் போச்சு," என்று மட்டும் சொல்லிவிட்டு பீர் வாங்கப் போனார். மற்ற மூவரும் அவர் பின்னாலேயே போனார்கள்.

"தலைவரே, நான்தான்..."

"தெரியும்."

"உதவியா இருக்கும்னு நெனச்சேன்."

"அதுவும் தெரியும். விடு. உன்மேல கோபப்படக்கூடத் தெம்பில்லம்மா எனக்கு." வேனின் படியில் உட்கார்ந்தார். "ஒரு வருஷமா யாராவது நிறுத்துங்கடான்னு சொல்ல மாட்டாங்களான்னு இருந்துச்சு. அது இப்படி வரும்னு நெனைக்கல."

மேடையில் டிஸ்கோ போலோ தொடங்கிவிட்டது. முன்வரிசை அலறியது. அடுத்த வண்டி வர வேண்டும், இடத்தைக் காலி செய்யுங்கள் என்று ஒரு தீயணைப்புத் தொண்டர் வந்து சொன்னார். இயந்திரத்தைத் தூக்க நான்கு பேர் வேண்டும். செவெரின் தூக்கக் கூடாது. நான் பக்கத்துத் தொத்திறைச்சிக் கடையில் போய்க் கேட்டேன். கடைக்காரரும் அவர் மனைவியும் தொண்டரும் நானுமாகச் சேர்ந்து தூக்கினோம். கடைக்காரரின் கையில் கடுகுச் சாந்து இருந்ததால் ஒரு தடவை வழுக்கியது. இரண்டாம் தடவையில் ஏற்றிவிட்டோம்.

கடைக்காரர் வேனின் பக்கவாட்டில் எழுதியிருந்த 'சலவைக்கடை' என்ற பெயரைப் படித்தார். மேலங்கியோடு உட்கார்ந்திருந்த செவெரினைப் பார்த்தார்.

"சார், நீங்க மெஷின் ரிப்பேரும் பாப்பீங்களா? எங்க வீட்டுல ஒண்ணு மூணு வாரமா சத்தம் போடுது."

அவர் கச்சேரியைப் பார்க்கவே இல்லை; எங்களுக்கு முதுகைக் காட்டியபடி அடுப்பைக் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன்.

"என்ன மாதிரி சத்தம்?" என்று கேட்டார் செவெரின்.

கடைக்காரர் வாயாலேயே செய்து காட்டினார். செவெரின் இன்னொரு தடவை செய்யச் சொன்னார். பிறகு, பெல்ட் தேய்ந்திருக்கும், பின்பக்க மூடியைக் கழற்றிப் பாருங்கள், முதலில் மின்இணைப்பைப் பிடுங்கிவிடுங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைக்காரரின் மனைவி எங்கள் இருவருக்கும் ஒரு காகிதத் தட்டில் தொத்திறைச்சியும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்தாள். ஆறும்வரை அதை யாரும் தொடவில்லை.