அறுபது சொற்கள்

லிஃப்ட் பொருத்தும் வேலையில் ஒரு விதி உண்டு. பெட்டியின் கூரைமேல் ஒருவர் நிற்பார். உச்சியில் மோட்டார் அறையில் இன்னொருவர் இருப்பார். கூரைமேல் நிற்பவர் "கீழே" என்று கத்தியதும் மற்றவர் பெட்டியை நகர்த்திவிடக் கூடாது. அவரும் "கீழே" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். அதைக் கேட்டு முதல் ஆள் "ஆமாம்" என்ற பிறகுதான் பெட்டி அசையும். காதில் விழுந்ததும் சொன்னதும் ஒன்றுதானா என்று பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு இது. இல்லாவிட்டால் கூரைமேல் நிற்பவர் நசுங்கிப்போவார்.

வெளிநாட்டில் ஏழு வருடம் இந்த வேலை பார்த்தேன். ஒருநாள்கூட விதியை மீறவில்லை. அந்த நாட்டுப் பாஷையில் எனக்கு அறுபது சொற்கள் தெரியும். மேலே, கீழே, நில், இழு, கயிறு, எண்ணெய், ஜாக்கிரதை, ஆமாம். ஒரு லிஃப்டை முழுதாகப் பொருத்த அறுபது போதும். அறுபத்தொன்றாவதை நான் தேடவே இல்லை.

என் கூட்டாளிக்கு நெட்டையன் என்று பெயர் வைத்திருந்தேன். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் கதை சொல்ல ஆரம்பிப்பான். அவன் சிரித்தால் நானும் சிரிப்பேன். ஒருநாள் கண் சிவந்து வந்தான். டப்பாவைத் திறக்காமலே வெகுநேரம் பேசினான். பேசி முடித்து என் முகத்தைப் பார்த்தான். "ஆமாம், ஆமாம்" என்றேன். எழுந்து போய்விட்டான். என்ன சொன்னான் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஊர் திரும்பியதும் அந்தப் பாஷையைக் கரைத்துக் குடித்தவன் போல நடந்துகொண்டேன். யாரும் சோதிக்க வழியில்லை. "எங்க வீட்டுக்காரர் கனவுகூட அந்தப் பாஷையிலதான் காணுவார்" என்று என் மனைவி பெருமையடிப்பாள்.

என் மகன் மேற்படிப்புக்கு அதே நாட்டுக்குப் போய் அங்கே ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு வந்தான். வந்த அன்றே மருமகள் என் எதிரில் உட்கார்ந்து, முகமெல்லாம் மலர, தன் பாஷையில் மடமடவென்று பேசினாள். புது வீட்டில் தன் பேச்சு புரிந்த ஆள் ஒருவராவது இருக்கிறாரே என்ற நிம்மதி அவளுக்கு. எனக்கு வியர்த்தது. முகத்தை இறுக்கிக்கொண்டு மகனிடம், "இந்த வீட்ல தமிழ்தான்னு சொல்லுப்பா. அப்பத்தான் சீக்கிரம் பழகுவா" என்றேன்.

பழகினாள். ஒன்றரை வருடத்தில் காய்கறிக்காரரிடம் பேரம் பேசும் அளவுக்கு வந்துவிட்டாள். எல்லாரும் என் கண்டிப்பைப் பாராட்டினார்கள்.

போன வாரம் அவள் அப்பா வந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டுபவர், அதிகம் பேசாதவர்.

"சம்பந்தி வந்து நாலு நாளாச்சு, நீங்க ஏன் இப்படி உம்முனு இருக்கீங்க?" என்றாள் மனைவி. "ஏழு வருஷம் அந்த ஊர்த் தண்ணி குடிச்சவரு, நல்லா வாய்விட்டுப் பேசுங்களேன்."

"தொண்டை சரியில்ல" என்றேன்.

கிளம்புகிற நாள் காலையில் அவர் என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டார். மருமகள் அறைக்குள் அவருடைய பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவர் நிறுத்தி நிறுத்திப் பேசினார். அறைக் கதவைக் காட்டினார், நெஞ்சில் கை வைத்தார், கடைசியில் எதையோ கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார். நான் சிரித்துக்கொண்டு "ஆமாம், ஆமாம்" என்றேன். அவர் என் கையை மெதுவாகத் தட்டிக்கொடுத்தார்.

விமான நிலையத்தில் அவரை விட்டுவிட்டு வந்த மருமகள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மாமா, நான் இந்த வீட்டுக்குப் பாரமா?"

"யாரும்மா அப்படிச் சொன்னது?"

"நீங்கதான். மறைக்காம சொல்லுங்க, என் மகளால உங்களுக்குக் கஷ்டமான்னு அப்பா கேட்டிருக்கார். ஆமாம் ஆமாம்னு சிரிச்சீங்களாம். உன் அறை அப்படியே இருக்கு, வந்துடுன்னு சொல்லிட்டுப் போறார்."

"எனக்கு உங்க பாஷை தெரியாதும்மா" என்றேன்.

"ஏழு வருஷம் இருந்தீங்களே?"

"லிஃப்டுக்கு வேண்டியது மட்டும் தெரியும்."

சமையலறையில் மனைவியின் பாத்திரச் சத்தம் நின்றது. மருமகள் சற்று யோசித்தாள். "அப்போ, இந்த வீட்ல தமிழ்தான்னு சொன்னது?"

"தெரியாதுங்கறது வெளிய தெரிஞ்சுடக் கூடாதேன்னு."

"எங்க பாஷையே உங்களுக்குப் பிடிக்கலைன்னு நெனச்சேன் மாமா. அதான் அம்மா ஃபோன் பண்ணினாக்கூட மொட்டை மாடிக்குப் போயிடுவேன்."

அவள் போனை எடுத்துக்கொண்டு மாடி ஏறுவதைத் தினமும் பார்த்திருக்கிறேன். அங்கே சிக்னல் நன்றாகக் கிடைக்கிறது போலும் என்றுதான் நினைத்திருந்தேன்.

அவருடைய விமானம் தரையிறங்க ஒன்பது மணி நேரம். அதுவரை அவரை எட்ட முடியாது. அந்த "ஆமாம்" அவருடனேயே பறந்துகொண்டிருந்தது.

"ஒரு வரி சொல்லிக்குடும்மா" என்றேன். "உங்க மக எங்களுக்குப் பாரம் இல்ல, நான்தான் புரியாம தலையாட்டிட்டேன்னு."

அவள் சொன்னாள். நான் திருப்பிச் சொன்னேன். தப்பு என்றாள். மறுபடி சொன்னேன். மாலைக்குள் ஒருவழியாகத் தேறிவிட்டது.

"இன்னொண்ணு. 'எனக்குப் புரியலை'ங்கறது?"

சொன்னாள். மிகச் சின்னது, லிஃப்டில் கத்துகிற சொல் அளவுதான் இருந்தது. நெட்டையனிடம் அதைச் சொல்ல எனக்கு ஒரு மூச்சு போதுமானதாக இருந்திருக்கும்.

இரவு அவர் போனை எடுத்தார். என் வரியைச் சொன்னேன். அவர் நீளமாக ஏதோ சொன்னார். கோபமா, ஆறுதலா, கண்டுபிடிக்க முடியவில்லை. "எனக்குப் புரியலை" என்றேன், அவர் பாஷையில்.

மருமகள் போனை வாங்கிக்கொண்டாள். "அப்பா" என்று தொடங்கியவள், பேசிக்கொண்டே மாடிப்படி ஏறினாள். கோபமில்லை, ஒன்றரை வருடப் பழக்கம், கால்கள் தாமாகப் போயின. இங்கேயே உட்கார்ந்து பேசு என்று அவள் பாஷையில் சொல்ல நினைத்தேன். என்னிடம் இருந்தது "நில்" மட்டும்தான். அது லிஃப்டுக்குச் சொல்வது.